பூசணியின் சுவர்ப்பக்கம்

பூசணிக்குப் போர்த்துவதற்குப் பழைய படுக்கை விரிப்புதான் நல்லது. புது விரிப்பு விறைப்பாக இருக்கும், காற்று போகாது, அடியில் வியர்த்து ஊற்றும். பத்து வருஷம் துவைத்துத் துவைத்து நூல் தெரிகிற அளவுக்கு மெலிந்துபோன வெள்ளை விரிப்பாகப் பார்த்து எடுக்க வேண்டும். வெயில் நேராகப் பட்டால் தோல் சீக்கிரம் முற்றிவிடும். முற்றின தோல் விரிந்து கொடுக்காது, உள்ளே சதை மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும், ஒரு நாள் மத்தியானம் படக்கென்று வெடித்துவிடும். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு பிரயோஜனம் இல்லை. இதெல்லாம் எதற்கு என்று பார்க்கிறீர்கள். முதலிலிருந்து சொல்லுங்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள் அம்மா. முதல் என்றால் எனக்கு இதுதான்.

நீங்கள் கொடுத்த டீ நன்றாக இருந்தது. இந்த அறையில் ஜன்னல் இல்லை என்று உங்களோடு இருக்கிற அந்தப் பெண் வருத்தப்பட்டாள். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. காற்று அடிக்காத அறை உடம்புக்கு நல்லது.

என்ன உரம் போட்டாய் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். உரம் என்ன பெரிய உரம். எருவை யார் வேண்டுமானாலும் கொட்டலாம். நான் சொல்வது சமையலுக்கு வாங்குகிற காய் இல்லை, கண்காட்சியில் எடைபோட்டுப் பரிசு கொடுக்கிறார்களே, அந்த ராட்சத ரகம். நல்ல நாளாக இருந்தால் ஒரே நாளில் பத்துக் கிலோ ஏறும். அப்படி அவசரமாக வளர்கிற ஒன்றுக்கு வெயில், மழை, குளிர் மூன்றுமே எமன்தான். மூன்றையும் அண்டவிடாமல் பார்த்துக்கொண்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். அண்டவிடாமல் பார்த்துக்கொள்வது எனக்குக் கைவந்த வேலை. அதை என் மகனிடம் படித்துக்கொண்டேன்.

நான் இருபத்திரண்டு வருஷம் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். டாக்டர் எழுதின சீட்டைப் படித்து, மாத்திரையை எண்ணி உறையில் போட்டு, காலை எத்தனை ராத்திரி எத்தனை என்று எழுதிக் கொடுக்கிற வேலை. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டினார். ஒரு மழை நாளில் வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. கொட்டுகிற மழையில் இரண்டு மணி நேரம் நின்று தள்ளியிருக்கிறார். வீட்டுக்கு வந்தபோது பல் தந்தியடித்தது. ஒன்பதாம் நாள் ஆள் இல்லை. நல்ல வாட்டசாட்டமான மனுஷன், ஒரு மழைக்குத் தாங்கவில்லை. அப்போது எங்கள் பையனுக்கு ஆறு வயசு. அவனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். இனிமேல் தம்பி என்று சொன்னால் அவன்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்பது வயசில் தம்பியும் பள்ளிக்கூடத்திலிருந்து தொப்பலாக நனைந்துகொண்டு வந்து நின்றான். காய்ச்சல், முழங்காலில் வீக்கம். டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு மாதம் வெளியே விடாதீர்கள், அப்புறம் ஓடி ஆடி விளையாடலாம் என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிட்டுவிட்டார். பெற்றவள் நான்தானே. ஒரு மாதத்தை நான் இரண்டாக்கினேன். இரண்டு முடியும்போது மழைக்காலம் வந்துவிட்டது. மழைக்காலம் முடியும்போது குளிர் வந்துவிட்டது. குளிர் போனதும் வெயில். வருஷத்தில் வெளியே விடுகிற மாதிரி ஒரு மாதம் சொல்லுங்கள் பார்ப்போம். எனக்கு அப்படி ஒன்று அகப்படவே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு இருபத்தாறு வயசாகிவிட்டது.

பழைய ஊரில் அவனுடைய டீச்சர் ஒருத்தி வாரம் தவறாமல் வந்து கதவைத் தட்டுவாள். நல்லவள்தான், ஆனால் விடாப்பிடிக்காரி. அதனால் அவனுக்குப் பதின்மூன்று ஆனபோது இந்த ஊருக்கு மாறினோம். அவனை விடிவதற்கு முன்பே பின்னறையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டேன். சாமான் இறக்குவதை வேடிக்கை பார்க்கத் தெரு எழுந்தபோது நான் மட்டும்தான் வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டில் ஒரு லாரிக்காரர். அவர் மனைவி வந்து, ஏதோ நாற்பது வருஷப் பழக்கம் மாதிரி மூட்டையைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

“பிள்ளைங்க எத்தனைக்கா?”

“ஒரே பையன். ஒன்பது வயசுல காய்ச்சல் வந்துச்சு.”

நான் சொன்னது அவ்வளவுதான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவளாகவே மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க எனக்காக உச்சுக்கொட்டியது. நான் திருத்தப் போகவில்லை. திருத்தினால் பார்க்க வருவார்கள், வந்தால் இருமலும் தும்மலுமாக வருவார்கள்.

பின்னறை நல்ல அறை. பன்னிரண்டுக்குப் பத்து. குளியலறை உள்ளேயே சேர்ந்தது. கொல்லையைப் பார்த்து ஒரு ஜன்னல், கம்பி போட்டது. கொல்லையைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் மதில். கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாளும் பூட்டும் உண்டு. பூட்டு என்றதும் உங்கள் பேனா நிற்கிறது. உங்கள் வீட்டில் விலை உயர்ந்த சாமான் இருந்தால் நீங்கள் திறந்து போட்டுவிட்டா வந்திருக்கிறீர்கள்.

பதினைந்து வயசில் ஒரு நாள் ஜன்னலில் நின்று கத்தினான். யாராவது வாங்க, யாராவது வாங்க என்று தொண்டை கிழிய. லாரிக்காரர் மனைவி மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, என்னக்கா சத்தம் என்றாள். டிவி என்றேன். அன்றிலிருந்து அவன் மனசு சாந்தமாக இருக்கக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று மாத்திரை கொடுத்தேன். நான் கொடுத்தது எல்லாம் அளவுதான். பதினாறில் ஒரு தடவையும் பத்தொன்பதில் ஒரு தடவையும் வெளியே போக வேண்டும் என்று அடம் பிடித்தான். சரி வா என்று நானே கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போய் வெயிலில் நிறுத்தினேன். இரண்டு தடவையும் பத்து நிமிஷம் தாங்கவில்லை. கால் துவண்டு சுருண்டு விழுந்தான். தூக்கி வந்து படுக்கவைத்து நெற்றியைத் துடைத்துவிட்டு, பார்த்தாயா கண்ணா என்று மட்டும் கேட்டேன். அதற்குப் பிறகு அவன் வெயிலைப் பற்றிப் பேசவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு வேலையிலிருந்து நின்றேன். அப்போதுதான் தம்பி பேப்பரில் அந்தக் கண்காட்சிச் செய்தியைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

“நம்ம கொல்லையில ஒண்ணு போட்டுப் பாக்கலாமாம்மா? நீ வெளிய பாத்துக்க, நான் ஜன்னல்லேருந்து பாத்துக்கறேன்.”

ரொம்ப நாளைக்கு அப்புறம் அவன் வாயைத் திறந்து ஒன்று கேட்டது அதுதான். நான் எப்படி வேண்டாம் என்பேன். முதல் வருஷம் நாற்பத்தோரு கிலோ வந்தது. இரண்டாம் வருஷம் அறுபத்தெட்டு. இரண்டையும் நானே தள்ளுவண்டியில் ஏற்றி வாசலுக்குக் கொண்டுவந்து வேனில் போட்டு எடுத்துப்போனேன். பரிசு இல்லை. ஆனால் அங்கே எடைபோடுகிற பெரியவர் ஒருவர், எல்லோரும் தராசுக்காரர் என்றே கூப்பிடுவார்கள், முப்பது வருஷம் பூசணி வளர்த்த மனுஷர், என் காயைத் தடவிப் பார்த்துவிட்டு, தோல் குழந்தை கன்னம் மாதிரி இருக்கேம்மா, நல்லா நிழல் காட்டியிருக்கீங்க என்றார். அந்த ஒரு வார்த்தையை ஒரு வருஷம் மென்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் எதற்கும் பாராட்டினது கிடையாது.

இந்த வருஷம் தம்பி ஒரு காகிதத்தில் படம் போட்டு வைத்திருந்தான். செடி கொல்லை முழுக்கப் படரட்டும், காய் மட்டும் அவன் ஜன்னல் சுவரை ஒட்டி உட்காரட்டும். காயைச் சுற்றி மூன்று பக்கம் மார்பளவு செங்கல், அதற்கு மேல் கொட்டகை மாதிரி பிளாஸ்டிக் ஷீட். நாலாவது பக்கம் அவனுடைய ஜன்னல் சுவர்.

“என் ரூம் சூடு அதுக்கும் போகும்மா. குளிருக்குக் கவலையே இல்ல.”

“கதவு?”

“ரெண்டரை அடி போதும். பெருசா வச்சா காத்து பூந்துடும்.”

எவ்வளவு யோசித்திருக்கிறான் என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கொத்தனாரை உள்ளே விடுகிற வழக்கம் இல்லை, அதனால் சுவரை நானே கட்டினேன். வரிசை கொஞ்சம் கோணல். அறுபதை நெருங்குகிற ஒருத்தி கட்டினதற்கு அது பரவாயில்லை. கொடி நுழைவதற்கு ஒரு ஓட்டை விட்டேன். கொடி உள்ளே வந்து காய்க்கும் ஜன்னல் சுவருக்கும் நடுவில் ஓடியது. அந்தப் பக்கம் கால் வைக்க முடியாது. ஒரு மிதி மிதித்தால் கொடி நசுங்கிக் காய்க்குப் பால் போவது நின்றுவிடும். அதனால் சுவர்ப்பக்கம் முழுக்கத் தம்பியின் பொறுப்பு. கம்பி வழியாகக் கையை நீட்டி விரிப்பை இழுத்துவிடுவான், அளவு எடுக்கும்போது நாடாவின் அந்த முனையைப் பிடித்துக்கொள்வான்.

“நான் பிடிச்சுக்கறேன், நீ படி” என்பான். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு.

மூன்று பிஞ்சு பிடித்தது. ஒரு கொடிக்கு ஒரு காய்தான் வைக்க வேண்டும், மற்ற இரண்டைக் கிள்ளிவிட்டேன். வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு மூன்று தடவை விரிப்பைத் தண்ணீரில் நனைத்துப் போர்த்தினேன். மழை பிடித்தபோது வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பினேன், ஏனென்றால் வேர் ஒரேயடியாகத் தண்ணீர் குடித்தாலும் காய் பிளந்துவிடும். குளிர் தொடங்கினதும் நூறு வாட் பல்பு ஒன்று தொங்கவிட்டு, வீட்டில் இருந்த போர்வையை எல்லாம் கொண்டுவந்து சுற்றினேன். ஒரு நாள் தம்பி தன் போர்வையை உருவிக் கம்பி வழியாகத் தள்ளினான்.

“எனக்கு வேணாம்மா, அதுக்குப் போத்து.”

“அடேய், அது என்ன உன் கூடப்பிறந்ததா?”

“அது வெளிய போகப்போகுதில்ல. சளி பிடிச்சா அசிங்கமா இருக்கும்.”

இரண்டு பேரும் சிரித்தோம். அந்த ஐந்து மாதமும் அந்த வீட்டில் சிரிப்பு இருந்தது அம்மா. அவன் நன்றாகச் சாப்பிட்டான். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வேன், அவன் அந்தப் பக்கம், நடுவில் அது. இப்படியே இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஐந்தாம் மாதம் ஒரு சாயங்காலம் அளந்து பார்த்தால் காயின் அகலமே மூன்றடியைத் தாண்டிவிட்டது. கதவு இரண்டரை அடி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன வருஷத்துக் காயை மனசில் வைத்துக்கொண்டு இந்த வருஷத்துக் காய்க்குக் கதவு வைத்திருக்கிறோம். தராசுக்காரரிடம் போனில் சொன்னேன். பூசணி வளர்க்கிறவன் ஒவ்வொருத்தனும் ஒரு தடவை செய்யிற தப்பும்மா அது, நான் ரெண்டு தடவை செஞ்சேன் என்றார். தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

“அப்ப ஆளுங்க உள்ள வரணும், இல்லம்மா?”

“வந்துதானே ஆகணும்.”

“சரிம்மா” என்றான்.

பக்கத்து வீட்டு லாரிக்காரரிடம் கிரேன் வைத்த லாரி இருந்தது. வந்து மதிலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, ஷீட்டக் கழட்டிட்டு மேலாப்புல தூக்கிடலாம்க்கா, நாலு ஆள் போதும் என்றார். ஜன்னலுக்கு உள்பக்கமிருந்து பிளைவுட் பலகை அடித்து மறைத்துவிடலாம் என்று நான் முடிவு செய்தேன். தம்பி அமைதியாகத்தான் இருப்பான். அவனே சொன்னான், நான் சத்தம் போட மாட்டேன்மா என்று. எதற்கு அப்படிச் சொன்னான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

தூக்குவதற்கு முதல் நாள் மத்தியானம் கொடியை அறுத்தேன். அறுத்த பிறகு எங்கே மிதித்தாலும் பாதகம் இல்லை. நாளைக்கு ஆயிரம் பேர் பார்க்கப்போகிற காய், முகம் துடைத்து அனுப்ப வேண்டாமா. ஈரத்துணியை எடுத்துக்கொண்டு முதல்தடவையாகச் சுவர்ப்பக்கம் போனேன். காய்க்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடம்தான் இருந்தது. தலை நுழையாது. கன்னத்தைக் காயின்மேல் வைத்துக்கொண்டு கையை உள்ளே விட்டுத் துடைத்தேன். விரலில் ஏதோ தடித்தடியாக நெருடியது. தோல் நோய் என்று நெஞ்சு பதறிவிட்டது. தடவிக்கொண்டே போனேன். வளைவு, ஒரு கோடு, மேலே ஒரு புள்ளி. நோய் அப்படி ஒழுங்காக வராது.

விரலாலேயே படித்தேன். அப்புறமும் நம்பாமல் முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்து வந்து இடுக்கில் நீட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண் உயரம். மூன்று வரி. நான், உயிரோடு, இருக்கிறேன்.

உங்களுக்கு இது தெரிந்திருக்காது. பூசணி பிஞ்சாக இருக்கும்போது நகத்தால் கீறினால் போதும். அது கீறலைத் தழும்பாக மூடிக்கொள்ளும். காய் வளர வளரத் தழும்பும் கூடவே வளரும். கட்டைவிரல் உயரத்துக்கு எழுதினால் அறுவடையில் சாண் உயரம். யாரும் அழிக்க முடியாது. மேலே சீவினாலும் சீவின இடம் மூன்று வரியாகத் தெரியும்.

நிமிர்ந்தேன். தம்பி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை.

“எப்படா எழுதுன?”

“குடம் அளவு இருக்கறப்ப.”

“யாருக்கு?”

“படிக்கிறவங்களுக்கு.”

“கதவு சின்னதா வைக்கச் சொன்னதும் இதுக்குத்தானா?”

அவன் கம்பியிலிருந்து கையை எடுத்தான். “நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன்மா” என்றான். “உன்கூடத்தான் இருப்பேன். கதவு மட்டும் தொறந்திருக்கட்டும். தெருவுல ஒரு தடவ நடந்துட்டு வந்துடறேன். விழுந்தா விழறேன்.”

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஐந்து மாதம் தினமும் சாயங்காலம் எதிரெதிரே உட்கார்ந்து சிரித்திருக்கிறோம், எங்களுக்கு நடுவில் அவன் எழுதின எழுத்து தினமும் வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. அதற்கு நான்தான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், நான்தான் போர்வை போர்த்தியிருக்கிறேன். ஆனால் கத்தவில்லை. நாளைக்குக் கண்காட்சி முடியட்டும், பேசலாம் கண்ணா என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. நிஜமாவாம்மா என்று இரண்டு தடவை கேட்டான்.

காலையில் பாலில் மாத்திரையைக் கலக்கிக் கொடுத்தேன். ஆட்கள் சத்தத்தில் அவன் பயந்துவிடக் கூடாது என்று இரண்டு கூடுதலாகப் போட்டேன். குடித்துவிட்டுத் தம்ளரைத் திருப்பிக் கொடுத்து, இன்னிக்குக் கசக்குதும்மா என்றான். பிளைவுட் பலகையை அடித்தேன். கதவைப் பூட்டினேன். பத்து மணிக்கு லாரி வந்தது.

ஷீட்டைக் கழற்றி, பட்டையைச் சுற்றும்போது ஆட்கள் எழுத்தைப் பார்த்துவிட்டார்கள். லாரிக்காரர் வாய்விட்டுப் படித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பையன் சொல்ற மாதிரி நான்தான் எழுதினேன் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பாவம், நல்ல மனுஷன். அந்த நேரம் பார்த்துப் பலகையில் தட்டுகிற சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. இரண்டு தடவை. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை.

“உள்ள யாராச்சும் இருக்காங்களாக்கா?”

“பூனை. கூட்டத்தப் பாத்தா பிறாண்டும்னு அடைச்சு வச்சிருக்கேன்.”

“அடிபட்டுடப் போகுது” என்றார். அப்புறம் கிரேன் உறுமத் தொடங்கியது. அதை அணைத்தபோது சத்தம் இல்லை.

கண்காட்சியில் நானூற்றுப் பன்னிரண்டு கிலோ. முதல் பரிசு. எடைமேடையில் சுவர்ப்பக்கம் கூட்டத்தைப் பார்த்து இருந்தது. நான் திருப்பிவைக்கச் சொல்லவில்லை, சொன்னால் ஏன் என்பார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். போன என் பிள்ளை நினைவாக என்று சொன்னேன். கூட்டம் எழுந்து நின்றது. லாரிக்காரர் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். சின்னப் பிள்ளைகள் வரிசையில் வந்து எழுத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பு இல்லை, நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பரிசுக் கோப்பையைக் காட்டலாம் என்று பின்னறையைத் திறந்தேன். தம்பி கட்டிலில் இல்லை. ஜன்னலுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கை பலகைமேல் இருந்தது. உடம்பு சில்லென்று இருந்தது. தரையில் உட்கார்ந்தால் குளிர் ஏறும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இழுத்துக் கட்டிலில் போட்டேன். கொட்டகையிலிருந்து பல்பைக் கொண்டுவந்து தலைமாட்டில் மாட்டினேன். போர்வை எல்லாம் கொண்டுவந்து சுற்றினேன். மறுநாள் காலைவரை விரிப்பை மாற்றி மாற்றிப் போர்த்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தராசுக்காரர் வந்தார். எப்படி மறைப்புக் கட்டினேன் என்று பார்த்து எழுதிக்கொள்ள வேண்டுமாம். பெருமையாகத்தான் இருந்தது, கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். செங்கல்லைப் பார்த்தார், பல்பு தொங்கின கொக்கியைப் பார்த்தார். கீழே குனிந்து, காய்ந்துகொண்டிருந்த கொடியைக் கையால் தொட்டுக்கொண்டே சுவர்வரைக்கும் போனார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.

“கொடி இந்தப் பக்கமா ஓடியிருக்கேம்மா.”

“ஆமாம்.”

“ஒரு இடத்துலகூட மிதி படல. நீங்க எங்க நின்னு கீறினீங்க?”

வேறு யாருக்கும் இந்தக் கேள்வி தோன்றியிருக்காது. கேட்டுக்கொண்டே அவர் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்துவிட்டார். அப்புறம் கம்பியை. அப்புறம் கம்பிக்குப் பின்னால் இருந்த பலகையை. எழுந்து நின்று தன் கையைக் கம்பிப் பக்கத்திலிருந்து கொட்டகைக்குள் நீட்டிப் பார்த்தார்.

“இந்த ரூம்ல யாரும்மா இருக்கா?”

சாவியைக் கொடுத்துவிட்டேன். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

இரண்டு மாத்திரை கூடுதல் என்று சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். முப்பது போட்டேன். இருபத்திரண்டு வருஷம் மாத்திரை எண்ணினவள், கை தவறிற்று என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் நம்ப மாட்டேன். முப்பது போட்டால் என்ன ஆகும் என்பது தெரியும். வெயிலில் விழுந்தான் என்றேனே, அந்த இரண்டு நாளும் காலையில் பாலில் மூன்று கலந்து கொடுத்துவிட்டுத்தான் கூட்டிப்போனேன். வாயால் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியாது, பட்டால்தான் புரியும். அவன் நெஞ்சிலும் மூட்டிலும் ஒரு கோளாறும் இல்லை என்று உங்கள் டாக்டர் சொன்னாராம். பதினேழு வருஷம் நான் பார்த்துக்கொண்டதால்தான் இல்லை.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். அந்த எழுத்தைப் பார்த்த மத்தியானமே காயை வெட்டிப் போட்டிருக்கலாமே, லாரியை வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே, விஷயம் அதோடு முடிந்திருக்குமே என்று. எனக்குத் தோன்றாமல் இல்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். போர்வையை விலக்கினேன். ஐந்து மாதம் வெயில் படாமல், மழை படாமல், குளிர் அண்டாமல் என் கையால் வளர்த்தது, தொட்டால் இளஞ்சூடாக இருந்தது. கை வரவில்லை, திரும்ப மூடிவிட்டு வந்துவிட்டேன். நீங்களும் ஒரு பெண்தானே அம்மா, பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த ஒரு உயிரை எப்படிக் கொல்ல மனசு வரும்.